மணியாச்சியிலிருந்து கடல்வரை

திருநெல்வேலிக்கு ரயிலில் போகிறவர்கள் வாஞ்சி மணியாச்சியில் கிழக்கே பிரிந்துபோகும் பாதையைக் கிளைப்பாதை என்றே அறிந்திருக்கிறார்கள். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் தூத்துக்குடிக் கடலில் முடிந்துவிடும் பாதை அது. ஆனால் 1876 ஜனவரி முதல் நாள் இவ்விரு பாதைகளும் திறக்கப்பட்டபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை துறைமுகத்திற்குச் சென்றது. மாவட்டத் தலைநகருக்குக் கிடைத்ததுதான் கிளை. கோயிலும் கச்சேரியும் பல நூற்றாண்டுப் பழமையும் கொண்ட ஊரைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டுத் தண்டவாளம் கடலை நோக்கிப் போனது ஏன் என்று கேட்டால், அந்த ரயில் யாருக்காகப் போடப்பட்டது என்பது விளங்கிவிடும்.

விடை பருத்திதான். சாத்தூர், கோவில்பட்டி, விருதுபட்டிக் கரிசலில் விளைந்த பஞ்சு 'தின்னவேலி' என்ற பெயரிலேயே லிவர்பூல் சந்தையில் அறியப்பட்டிருந்தது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் அங்கிருந்து வரும் பஞ்சை நிறுத்தியபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. போர் நான்காண்டில் முடிந்தது, தேடல் முடியவில்லை. மாட்டுவண்டிகளில் நாள்கணக்கில் தூத்துக்குடிக்கு வந்த பொதிகளை ஒரே நாளில் கொண்டுசேர்க்க ஒரு பாதை வேண்டியிருந்தது. கிரேட் சதர்ன், கர்நாடிக் என்ற இரண்டு நிறுவனங்கள் 1874இல் இணைந்து உருவான தென்னிந்திய ரயில்வே அதை மீட்டர் அளவுப் பாதையாகப் போட்டு முடித்தது.

பொதுப் போக்குவரத்துக்கு முன்பே ஒரு விருந்தினர் அதில் பயணம் செய்துவிட்டார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்டு) கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் வந்திறங்கி இவ்வழியே மதுரைக்குப் போனார். மணியாச்சியில் அவரை வரவேற்கத் திருநெல்வேலிக் கிறித்தவர்களைத் திரட்டிக்கொண்டு கால்டுவெல்லும் சார்ஜெண்டும் வந்திருந்தார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் அந்தக் கரிசல்காட்டு நிலையத்தில் இளவரசரின் ரயிலுக்காகக் காத்துநின்ற காட்சியை நாம் அடிக்கடி கற்பனை செய்துபார்ப்பதுண்டு.

இத்தனை செலவில் வந்த பாதை முடிந்த இடத்தில் துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ரயிலில் வந்த பொதி தோணியில் ஏறி, தோணியிலிருந்து கப்பலுக்கு ஏறவேண்டும். நீராவி எஞ்சின் எவ்வளவு விரைந்து வந்தாலும் கடைசிச் சில மைல்களில் காற்றையும் தோணிக்காரர்களின் தோளையும்தான் நம்பியாக வேண்டும். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இப்படியே நடந்தது. துறைமுக வரலாறு எழுதுகிறவர்கள் ஹார்வி சகோதரர்களின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். தோணிக்காரர்களுக்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம்.

பாதை திறந்த ஆண்டிலேயே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தின்போது ரயில்கள் தானியம் கொண்டுவந்தன என்பது உண்மை. விலை ஏறிய இடம் பார்த்துத் தானியத்தை எடுத்துச் செல்லவும் அவையே வணிகர்களுக்கு உதவின. பிழைக்க வழியற்றவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களை நோக்கிப் போனார்கள். காப்பி இலைநோயால் அழிந்து தேயிலை வந்தபின் அந்தப் போக்கு நிலைத்துவிட்டது.

இங்குதான் தட்டப்பாறையைப் பற்றிச் சொல்லவேண்டும். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள சிறிய நிலையம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகளைக் கொள்ளைநோய் அச்சத்தால் தடுத்துவைத்துச் சோதிக்கும் முகாம் அங்கே இருந்தது. கங்காணி அழைத்துவந்தவர்கள் சில நாட்கள் அடைபட்டிருந்து, பிறகு ரயிலேறிக் கப்பலுக்குப் போனார்கள். அக்காலத்தில் புகுந்த ஏற்பாடு ஒன்று உண்டு: தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையை ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிடுவார்கள். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும்; பின்னர் கூலியின் கடனாக அவன் தலையில் இறங்கும். பருத்திப் பொதியின்மேல் குத்திய அடையாளத்திற்கும் இந்த வில்லைக்கும் என்ன வேறுபாடு? பொதி கடன்படுவதில்லை என்பது ஒன்றுதான் நமக்குத் தெரிகிறது.

சரக்கும் ஆளும் கரைவரை ஒரு கம்பெனியின் ரயிலில் வந்து, கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் பிடியில் போய்விழுந்தன. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்து, அடுத்த ஆண்டு 'காலியா', 'லாவோ' கப்பல்களைக் கொணர்ந்தது அந்தப் பிடியை உடைக்கத்தான். அது உணர்ச்சிவேகத்தில் செய்த காரியம் என்பதுபோல் மேடைகளில் பேசப்படுகிறது. பாதையின் எந்த முனையில் பணம் திரள்கிறது என்பதைக் கண்டுகொண்ட ஒரு வழக்கறிஞரின் கணக்கு அதில் இருந்தது என்பது நம் எண்ணம். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதும் மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து கிளைவண்டியில் வந்து, கொடைக்கானல் செல்வதற்காக, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்குக் காத்து மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார் அவர். முதன்மைப் பாதை துறைமுகத்திற்கும் கிளை தலைநகருக்கும் என்று அமைந்திராவிட்டால் கலெக்டரின் பெட்டி அங்கே அப்படி நின்றிருக்காது.

மூன்றாண்டுகளுக்குள் போட் மெயிலே இப்பாதையை விட்டுப் போய்விட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடிக்குத் திரும்பினார்கள். கூலிகள் மண்டபம் முகாமுக்கு. இதற்கு முன்பே, 1904இல், திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குப் பாதை முழுமையடைந்திருந்தது. பயணிகள் வழியில் முதன்மை எது, கிளை எது என்பது மெல்ல மாறியது. தூத்துக்குடிக்கு மிஞ்சியது பஞ்சும் உப்பும் நிலக்கரியும்.

ஆழ்கடல் துறைமுகம் 1974இல்தான் வந்தது. அதற்கான தண்டவாளம் மீளவிட்டானில் பிரிந்து, பழைய நகரைத் தொடாமல் புதிய துறைமுகத்திற்குப் போகிறது. கிளையிலிருந்து முளைத்த கிளை. ஆனாலும் மீட்டர் பாதையில் கிளம்பும் சரக்கை வழியில் அகலப் பாதை வண்டிக்கு மாற்றி ஏற்றும் தொல்லை 1990களில் பாதை அகலமாகும்வரை தீரவில்லை. அதற்குள் லாரிகள் முந்திக்கொண்டன. இன்றும் பெட்டகங்கள் மிகுதியும் சாலையில்தான் போகின்றன. அனல்மின் நிலையத்திற்குக் கடல்வழி வரும் நிலக்கரியோ கப்பலிலிருந்து இறங்கித் தொடர்பட்டையில் நேரே போய்விடுகிறது. 2022இல் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை புதுத் தண்டவாளம் திறக்கப்பட்டது. அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குச் செல்லவேண்டிய பாதையின் முதல் துண்டு அது. பருத்தி வண்டிகள் ஒருகாலத்தில் வந்த கரிசல்மண் வழியாகத்தான் அதுவும் போகவேண்டும்.

மணியாச்சி நிலையத்தின் பெயரில் வாஞ்சி இருக்கிறார். துறைமுகத்திற்கு 2011இல் வ.உ.சி.யின் பெயர் வைக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே தட்டப்பாறை, தகரவில்லைக்காரர்கள் இறங்கிய நாளில் இருந்த அதே பெயரில் இருக்கிறது.