சிராங்கூன் சாலையில் ஊர் எண்

சிங்கப்பூரில் தேக்கா சந்தையும் வீரமாகாளியம்மன் கோயிலும் அமைந்துள்ள சிராங்கூன் சாலைப் பகுதியை லிட்டில் இந்தியா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே கூடும் நம் நாட்டுத் தொழிலாளர் பலரிடம் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அந்த ஊர் எண், பேசுவதற்கு. மற்றொன்று இங்கிருந்து கொண்டுபோன சிம் அட்டையின் எண். அதில் அவர்கள் பேசுவது மிகக் குறைவு. பேசாத எண்ணுக்குப் பணம் கட்டுவானேன்? நம் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்து வேலைக்குப் போகும் காலம் இது. ஆகவே இதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

கதை ஒரு மரத்தின் பாலில் தொடங்குகிறது. மலாய் மக்கள் தங்கள் வெட்டுக்கத்திக்குப் பிடி போட ‘கட்டாபெர்ச்சா’ என்ற மரப்பாலைப் பயன்படுத்தி வந்தார்கள். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மாண்ட்கோமெரி 1840களில் இதை மேலைநாட்டார் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கடல்நீர் இதை அரிக்காது, மின்சாரம் இதைக் கடக்காது என்று கண்டதும், கடலடித் தந்திக் கம்பிக்கு இதையே உறையாக்கினார்கள். ரப்பர் மரத்தைப் போல நாள்தோறும் கீறினால் இந்த மரத்தில் பால் தாராளமாக வடியாது. அதனால் மரத்தை வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் விரைவில் அருகிப் போயிற்று.

அந்த உறை போட்ட கம்பி 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை எட்டியது. ஆனால் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். வணிகருக்கும் அரசாங்கத்துக்கும் அது கட்டுப்படியாயிற்று. கூலிக்குப் போனவருக்குக் கடிதம்தான். தந்தி வந்தது என்றால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். 1981இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே தொலைபேசிக் கம்பி வந்தது. 2002இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கே நேராகச் சுமார் 3,200 கிலோமீட்டர் ஒளியிழைக் கம்பி போடப்பட்டது. சிராங்கூன் சாலைக் கடைகளில் தொலைபேசி அட்டை வாங்கி, நிமிடத்தை எண்ணி எண்ணிப் பேசிய காலமும் ஒன்று இருந்தது.

சிம் அட்டை 1991இல் வந்தது. அடுத்த ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றும், ஒருவர் வாடிக்கையாளருக்கு மற்றவர் நாட்டில் இணைப்புத் தர உடன்பட்டன. இதுவே ரோமிங். இது எப்படி நடக்கிறது? நம் தோட்டத்துச் செக்ரோலை எண்ணிக்கொள்ளுங்கள். ஆள் வேறு டிவிஷனில் வேலை செய்தாலும் பெயர் இருப்பது இங்கேயுள்ள பதிவேட்டில்தான். சிங்கப்பூரில் நம் கைபேசியை இயக்கியதும், அந்நாட்டு நிறுவனம் நம் நாட்டுப் பதிவேட்டைக் கேட்கும்: “இவர் உங்கள் ஆளா?” ஆம் என்றால் இணைப்பு. பக்கத்து அறையிலிருக்கும் நண்பர் நம் ஊர் எண்ணை அழைத்தாலும், அழைப்பு இந்தியா போய்த்தான் திரும்ப வரும். அதனால்தான் அழைப்பை எடுத்தாலும் காசு. வரும் குறுஞ்செய்திக்கோ பெரும்பாலும் கட்டணம் இல்லை.

அந்தக் குறுஞ்செய்திக்காகத்தான் எண்ணைக் காக்கிறார்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் ஊர் எண்ணுக்கே வருகிறது. எண் போனால், சொந்தப் பணம் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாது. முகவரி அற்றுப்போவது என்னவென்று 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. அதே ஆண்டில்தான், முன்பணம் கட்டும் இணைப்பு 90 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம் என்ற விதியை டிராய் வகுத்தது. துண்டித்த எண்ணை இன்னும் 90 நாள் கழிந்த பிறகே வேறொருவருக்குத் தருவதாக 2023இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் கூறியது. அதன்பின் நம் வங்கிச் செய்தி யாரோ ஒருவர் கையில் ஒலிக்கக்கூடும். சிங்கப்பூரிலும் மாற்றங்கள் வந்தன. 2017 ஏப்ரலில் அங்கே இரண்டாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டது. பொத்தான் வைத்த பழைய கைபேசியில் ஊர் சிம்மைப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அன்றோடு சமிக்ஞை போயிற்று. சிம் செத்துவிட்டதோ என்று பயந்தவர்களும் இருந்திருப்பார்கள், செத்தது கைபேசிதான்.

2023 இதற்கு ஒரு மாற்று வழி திறந்த ஆண்டு. வெளிநாட்டுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு உடையவர்கள் சிங்கப்பூர் எண்ணைக் கொண்டே யுபிஐ சேவையில் சேரலாம் என்று ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 21இல் சிங்கப்பூரின் பேநௌ சேவையும் யுபிஐயும் இணைக்கப்பட்டன. ஆனால் இன்றும் பல வங்கிகளில், எண்ணை மாற்றித் தரும்படி இணையவழியே கேட்டால், அதை உறுதிசெய்யும் கடவுச்சொல் பழைய எண்ணுக்குத்தான் வருகிறது. அந்த எண் அன்றைக்கு உயிரோடு இல்லையென்றால், விமானமேறி வந்து வங்கிக் கிளையில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.