வயது வரம்பு எழுதிய வரலாறு: இங்கிலாந்தில் மூத்த மாணவருக்கான அரசு உதவி

21 வயதைக் கடந்தபின் முதல் பட்டப்படிப்பில் சேருபவரை இங்கிலாந்தில் மூத்த மாணவர் என்கிறார்கள். 18 வயதில் கல்லூரிக்கு வருபவருக்குக் கல்விக் கட்டணமும் தங்குமிடமும்தான் பெரும் செலவு. 35 வயதில் வருபவருக்கோ வீட்டு வாடகை, பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மேலாக, விட்டுவிட்டு வரும் சம்பளம். அந்தச் சம்பள இழப்பை அரசு எந்த அளவுக்குப் பொருட்படுத்தியது என்பதில்தான் இந்த உதவித் திட்டங்களின் அறுபதாண்டுக் கதை அடங்கியிருக்கிறது.

தொடக்கம் நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது. முதல் பட்டத்துக்கு முழுநேரம் படிக்கும் தகுதியுள்ள மாணவருக்கு உள்ளாட்சி அமைப்புகள் உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்று 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கட்டாயமாக்கியது. பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை முடிவானது. ஆனால் 25 வயதைத் தாண்டியவரையும், மூன்றாண்டுகள் சொந்த உழைப்பில் வாழ்ந்தவரையும் சுதந்திர மாணவராகக் கருதினார்கள். அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டு கேட்கப்படவில்லை. படிப்புக்கு முன் சம்பாதித்துக்கொண்டிருந்த மூத்தவர்களுக்குத் தனிப்படி ஒன்றும் இருந்தது. வேலையை விட்டு வருபவர் எதையோ இழந்துதான் வருகிறார் என்று அரசு ஏற்றுக்கொண்டதற்கு அந்தச் சிறு தொகையே சாட்சி. 1990களில் புதிய மாணவர்களுக்கு அது நிறுத்தப்பட்டது.

சட்டத்தின் குறை ‘முழுநேரம்’ என்ற நிபந்தனையில் இருந்தது. பகலில் வேலை பார்த்து மாலையில் படிப்பவருக்கு அந்தக் கட்டாய உதவித்தொகை கிடையாது. அப்படிப்பட்டவர்கள் வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் படிப்பதற்கான திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடங்களைத் தொடங்கியபோது, பள்ளித் தேர்ச்சிச் சான்றிதழ் கேட்காத அந்த நிறுவனத்தில் முதல் ஆண்டிலேயே 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். அரசு பணத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. அதனால் கட்டணம் குறைவாக இருந்தது, பலரால் கைக்காசிலிருந்தே கட்ட முடிந்தது. கடன் என்ற பேச்சே எழவில்லை. மூத்த மாணவருக்கு மிகவும் பொருந்திய உதவி இந்த மறைமுக உதவிதான் என்பதைப் பிற்காலம் கசப்பாக நிரூபித்தது.

1990இல் கடன் வந்தது. உதவித்தொகையை அதே அளவில் நிறுத்திவைத்து, மீதியைக் கடனாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 50 வயதை எட்டியவருக்குக் கடன் இல்லை. ஓய்வு பெறுமுன் திருப்பிக் கட்டுவாரா என்ற கணக்கு அந்த வரம்புக்குள் இருக்கிறது. அதுவரை மாணவரின் தேவையைப் பார்த்த அரசு, அப்போதிலிருந்து அவரது மிச்சமிருக்கும் சம்பாத்திய ஆண்டுகளையும் எண்ணத் தொடங்கியது. 1998இல், வேலைக்குத் திரும்பும் எண்ணமுள்ள 54 வயது வரையிலானோர் சேர்க்கப்பட்டார்கள்; 2006இல் வரம்பு 60 ஆனது.

அந்த 1998இல்தான் 1,000 பவுண்ட் கட்டணமும் வந்தது. வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை அடுத்த ஆண்டே ஒழிந்தது. அந்த அரசின் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட். கப்பலில் பரிமாறுபவராக வேலை பார்த்து, 25 வயதில் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் சேர்ந்து, 1968இல் ஹல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். மூத்த மாணவரின் பாதை எப்படிப்பட்டது என்பதை அமைச்சரவையில் அவரைப்போல் அறிந்தவர் அதிகம் இருந்திருக்க முடியாது. உதவித்தொகை 2004இல் ஏழை மாணவருக்கு மட்டும் திரும்பி வந்து, 2016இல் மறுபடியும் போயிற்று.

மூத்த மாணவர்களைப் பெரிதாக அடித்துவீழ்த்தியவை வேறு இரண்டு முடிவுகள். ஏற்கெனவே பட்டம் பெற்றவர் அதே நிலையிலோ அதற்குக் கீழோ இன்னொன்று படித்தால் பல்கலைக்கழகத்துக்கு நிதி இல்லை என்று 2007இல் அறிவித்தார்கள். சுமார் 10 கோடி பவுண்ட் விலக்கப்பட்டது. தொழில் மாற நினைத்த நடுவயதினர் நம்பியிருந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் லண்டனின் பிர்க்பெக் கல்லூரியும்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. அடுத்தது 2012. பாடங்களுக்கான அரசு மானியத்தைப் பெருமளவு வெட்டி, முழுநேரக் கட்டணத்தை 9,000 பவுண்ட் வரை உயர்த்தினார்கள். பகுதிநேரத்தினருக்கும் கட்டணக் கடன் உண்டு என்று பெருமையோடு சொல்லப்பட்டது. ஆனால் ஆண்டுக்கு முழுநேரப் படிப்பில் கால் பங்காவது படிக்கவேண்டும், முன்பே பட்டம் இருக்கக்கூடாது. ஒரே ஒரு சிறு பாடத்தை மட்டும் எடுத்துப் பார்க்க நினைத்தவருக்குக் கட்டணம் ஏறியது, கடன் கிடைக்கவில்லை.

கிளேர் காலெண்டரும் ஜான் தாம்சனும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கும் 2015க்கும் இடையில் இங்கிலாந்தில் பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேருவோர் 51 சதவீதம் குறைந்தார்கள். சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இன்னொரு கடனை நீட்டி அதை உதவி என்று அழைத்ததே முதன்மைப் பிழை.

பக்கத்து வேல்ஸ் வேறு வழியில் போயிற்று. 2018 முதல் அங்கே பகுதிநேர மாணவருக்கும் படிப்பின் அளவுக்கேற்ப வாழ்க்கைச் செலவு உதவித்தொகை கிடைக்கிறது. சேருவோர் எண்ணிக்கையும் உயர்ந்தது. இங்கிலாந்து அதே ஆண்டு பகுதிநேரத்தினருக்கு வாழ்க்கைச் செலவுக் கடன் கொடுத்தது, ஆனால் தொலைநிலையில் படிப்பவரில் பெரும்பாலோரை விலக்கிவைத்தது.

இப்போது, 2027 ஜனவரியில் தொடங்கும் பாடங்களிலிருந்து வாழ்நாள் கற்றல் உரிமை என்ற புதிய ஏற்பாடு வருகிறது. நான்காண்டுக் கட்டணத்துக்கு ஈடான கடனை, தனித்தனிப் பாடங்களுக்கும் பிரித்து எடுக்கலாம். துண்டுதுண்டாகப் படிப்பவரை அரசு முதன்முறையாக மனதில் வைத்திருப்பது பெரிய முன்னேற்றம். ஆனால் இதுவும் கடனே. அதோடு, இதுவரை உச்ச வயது வரம்பே இல்லாதிருந்த கட்டணக் கடனுக்கும் 60 வயது வரம்பு வருகிறது. 61 வயதில் முதல் பட்டம் படிக்க விரும்புபவர் 2026 வரை வாங்க முடிந்த கடனை அதற்குப் பிறகு வாங்க முடியாது.