நூவோ: கேட்டும் ஒப்பிட்டும் கற்ற மொழி

கெர்னலைப் புதுப்பித்தபின் திரை இருண்டுபோன துயரத்தை லினக்ஸ் பயனர் பலர் அறிவர். அதற்குப் பின்னால் இருபதாண்டு வரலாறு ஒன்று உண்டு.

லினக்ஸ் கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. மூலநிரல் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவரை, மாற்றம் செய்பவரே உடன் திருத்திவிடுவார். மூடிய டிரைவரையோ அதன் நிறுவனம் மட்டுமே திருத்த இயலும். என்விடியா தன் முழுத்திறன் டிரைவரை நெடுங்காலம் மூடியே வைத்திருந்தது. தாமே கெர்னலைத் தொகுத்துக்கொள்வோர் அந்நிறுவனத்தின் வேகத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற 2005-06 வாக்கில் தன்னார்வலர்கள் தொடங்கியதே 'நூவோ'. அவர்களிடம் அந்த வன்பொருளின் கையேடு இல்லை. மூடிய டிரைவர் கிராபிக்ஸ் கார்டுக்கு எழுதும் எண்களைப் பதிவுசெய்தனர். ஒரு சிறு கட்டளைக்கு முன்னும் பின்னும் பதிவகங்களில் மாறியது எது என ஒப்பிட்டனர். இலக்கணம் எழுதப்படாத மொழியைக் களத்தில் ஆராய்பவர் செய்வதும் இதுவே. 'கல்', 'கால்' ஆகியவற்றில் உயிரின் அளவொன்றே பொருளை மாற்றுவதைக் கண்டு, அம்மொழியில் குறிலும் நெடிலும் வேறென அவர் முடிவுசெய்கிறார். இவ்வாறு உருவான நூவோ, 2010இல் 2.6.33 பதிப்பு வழியாகக் கெர்னலுக்குள் இடம்பெற்றது.

2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை வேறொரு தடையை எழுப்பியது. என்விடியாவின் மின்கையொப்பம் பெற்ற ஃபர்ம்வேர் இன்றி அக்கார்டுகளின் வேகத்தை உயர்த்த முடியவில்லை. மொழியைக் கற்றுவிட்டவர்க்குப் பேச அனுமதி இல்லை என்பது போன்ற நிலை அது. அடுத்து வந்த 1000 வரிசைக்கும் இதே கதிதான்.

2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. ஆயினும் அது டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். கார்டுக்குள் இயங்கும் ஃபர்ம்வேர் இன்றும் மூடியதே. அந்த ஃபர்ம்வேரின் துணையோடு, 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 கெர்னலில் நூவோவும் புதிய கார்டுகளைக் கையாளும் வழி பெற்றது.

இடைப்பட்ட 900, 1000 வரிசைகள்தாம் நடுவில் சிக்கிக்கொண்டன. 580 வரிசை டிரைவரே அவற்றை ஆதரிக்கும் கடைசி வரிசை என என்விடியா அறிவித்துவிட்டது. நூவோவோ அவற்றை முழு வேகத்தில் இயக்க இயலாது. பழுதின்றி ஓடும் கார்டுகள் பலரிடம் இன்னும் உள்ளன. விலைகொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை அதன் உரிமையாளர் தீர்மானிக்க வேண்டுமெனில், மூலநிரலோடு கையொப்பச் சாவியைப் பற்றியும் நாம் கேள்வி எழுப்ப வேண்டும்.