வளவும் வேலியும் விளையாட்டும்

யாழ்ப்பாணத்துப் பழைய வாழ்க்கை முறையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாற்சார் வீட்டையும் சங்கடப்படலையையும் திண்ணையையும் வருணிப்பர். அவை பெரியவர்கள் இருந்து கதைத்த இடங்கள். பிள்ளைகள் இருந்த இடம் எது? வீட்டைச் சூழ்ந்த வளவு; அதற்கு அப்பால் ஒழுங்கை; இரண்டுக்கும் நடுவே வேலி. அந்த வேலியின் வரலாற்றிலேதான் நம் சிறுவர் விளையாட்டின் வரலாறும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

விளையாட்டு நமக்குப் புதிதன்று. சங்க நூல்களிலே சிறுமியர் மணலிற் சிற்றில் இழைக்கின்றனர். வண்டற்பாவை செய்து பூச்சூட்டுகின்றனர். ஏறிச் செல்ல முடியாவிட்டாலும், தச்சன் செய்து கொடுத்த சிறுதேரைக் கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகளைக் குறுந்தொகைப் புலவர் காட்டுகிறார். நற்றிணையில் வரும் ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலாதது. தோழியரோடு விளையாடியபோது மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்து மரமாகிறது; அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கின்றனர்; தாய் தன் மகளிடம், இம்மரம் உனக்குத் தங்கை என்று சொல்லிவைக்கிறாள். அக்காலக் கழங்காட்டத்தின் சாயலை இன்று நம் சிறுமியர் வெட்டும் கொக்கானிலே காணலாம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றையும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களாக வைத்தனர்.

இனி யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கு வருவோம். இங்கே அயலவர் என்பார் பெரும்பாலும் உறவினர். இது தற்செயலாக அமைந்ததன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707-ஆம் ஆண்டில் தொகுத்தெழுதிய தேசவழமை, நம் மக்கள் அதற்கு முன்பே கைக்கொண்டிருந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது. அதன்படி பெண்மக்களுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கப்பட்டது. ஒரு காணியை விற்க நேர்ந்தால் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். இவ்வழக்கத்தால் தாயின் வளவு இரண்டாகவும் நான்காகவும் பிரிந்து, அக்காளும் தங்கையும் பக்கம் பக்கமாகக் குடியிருந்தனர். உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டன. ஒரே கிணற்றிலே முறை வைத்து நீர் இறைத்தவர்களின் பிள்ளைகள் ஒரே மரநிழலில் விளையாடியதில் வியப்பில்லை.

வேலியோ உயிருள்ள வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பர். குழை ஆட்டுக்கு, வெட்டிய கிளை அடுப்புக்கு, உக்கிய ஓலை தோட்டத்து மண்ணுக்குப் பசளை. எறிவதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பூவரசம் இலையைச் சுருட்டினால் பீப்பீ. நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டைத் தடியாற் கோத்தால் வண்டில். சிரட்டை, மண்சோறு சமைக்கும் பானை. மார்கழியும் தையும் வாடைக்காற்றோடு பட்டத்துக்குரியவை. அதிலே விண் பூட்டிவிட்டால் இரவெல்லாம் ஊருக்கே கேட்கும். நிலவு எறிக்கும் இரவு கிளித்தட்டுக்கு. கைக்குழந்தையை ஒக்கலில் வைத்துக்கொண்டே தட்டு மறித்த தமக்கையரைப் பற்றி அம்மம்மா சொல்வார். மிகச் சிறியவர்களையும் ஆட்டத்திற் சேர்ப்பார்களாம். ஆனால் அவர்களைத் தொட்டால் அது கணக்கில் வராதாம்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். 1816-இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபின் எழுந்த பாடசாலைகள் நமக்குச் செய்த நன்மையை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் ஒரு வேற்றுமையைச் சொல்லத்தான் வேண்டும். பாடசாலை மைதானத்திலே ஆறாம் வகுப்பு ஆறாம் வகுப்போடுதான் விளையாடும். மணியடித்தால் தொடங்கும், மணியடித்தால் முடியும். ஒழுங்கையிலே மூன்று வயதும் பதின்மூன்று வயதும் ஒன்றாக நின்றன. முடிக்கும் மணி, அம்மா கூப்பிடும் குரல்தான்.

வேலியிலே ஆங்காங்கு ஒரு பொட்டு இருக்கும். பெரியவர் குனிந்தும் பிள்ளைகள் நிமிர்ந்தும் போகக்கூடிய இடைவெளி அது. எல்லைத் தகராற்றிலே நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள்கூட அதை உடனே அடைத்துவிடவில்லை. பெண்கள் அதன் வழியே கறி மாற்றிக்கொண்டனர். பிள்ளைகளோ எந்த வீட்டில் பசித்ததோ அந்த வீட்டில் உண்டனர்.

ஆனால் பொட்டு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பழமையைப் புகழும் நாம் இதனை மறைத்தல் ஆகாது. வேலியடைக்க வந்தவரின் மகன் வேலிக்கு வெளியே நின்றுதான் விளையாட்டைப் பார்ப்பான் என்று அம்மம்மாவே ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். 1924-இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தனர். 1957-இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் வந்தது. சட்டம் கோயிலையும் தேநீர்க் கடையையும் திறக்கலாம். ஒரு வீட்டு முற்றத்துக் கிளித்தட்டிலே யாரைச் சேர்ப்பது என்பதை எந்தச் சட்டமும் எழுத இயலாது. அதை எழுதியவர்கள் வீட்டுப் பெரியவர்களே.

1990-ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் அரும்பொருள்களாயின. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தனர்; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். என் மாமா அக்காலத்திற் சிறுவர். பதுங்குகுழியின் மண்மேட்டிலே சறுக்கி விளையாடினாராம். அந்நாட்களை எளிய வாழ்வுக்கு உதாரணமாகச் சிலர் எடுத்துப் பேசக் கேட்டிருக்கிறேன். மாமா அதை ஒப்புவதில்லை. வேண்டாம் என்று விடுவது வேறு, கிடையாமல் இருப்பது வேறு என்பார். 1995 ஒக்டோபர் 30-இல் வலிகாமத்து மக்களோடு எங்கள் வீட்டாரும் இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு திரும்பியபோது கிடுகைக் கறையான் தின்றிருந்தது. கதியால்கள் மட்டும் தழைத்து நின்றனவாம். முதல் வேலையாக மாமா பொட்டைத் தேடினார். எங்கே பொட்டு என்று கேட்க, வேலியே இல்லாதபோது பொட்டு எங்கே என்று அயல் வீட்டுப் பிள்ளை சிரித்ததாம்.

போர் முடிந்த 2009-க்குப் பின் ஊரெங்கும் மதில்கள் எழுந்தன. இதற்கு எவரையும் குறை கூறுவதற்கில்லை. கிடுகு பின்னுவோர் அருகிவிட்டனர், கூலி ஏறிவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரும் காசுக்கு மதில் நிலையான செலவு, கள்வர் பயமும் உண்டு. மதில் ஒருமுறை கட்டினால் ஆண்டுதோறும் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலே இலையில்லை, பீப்பீ இல்லை, பொட்டும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் மதில் இல்லாத வீடுகள் இன்று மூன்றே.

அவற்றுள் ஒன்று எங்களுடையது. அடுத்த வளவிலிருக்கும் சின்னம்மாவின் பேரப்பிள்ளைகள் இருவர் பின்னேரம் நான்கு மணிக்குப் பொட்டால் வந்துவிடுவார்கள். இவ்வாண்டு மதில் கட்டுவதென்று அப்பா முடிவு செய்தார். மேசன் வந்து நூல் பிடித்து அளந்தபோது, அம்மம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, "தம்பி, இந்த இடத்திலை ஒரு வழி விடேலாதோ?" என்று கேட்டார். இரண்டரை அடி விட்டு ஒரு சின்னப் படலை போடலாம் என்றார் அவர். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. கல்லும் மணலும் ஒழுங்கையில் வந்து இறங்கிவிட்டன. அந்த மணற்குவியலிலே பிள்ளைகள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.