முன்னிலைக் குரல்: காவிரிக் கடைமடையின் வேலைப்பாட்டும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும்

1. சிக்கல்

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபர் 8 அன்று மறைந்தபோது அவருக்கு வயது 29. திரைப்படங்களுக்கு அவர் பாட்டெழுதியது ஏறத்தாழ ஐந்தாண்டுகள் மட்டுமே. அந்தக் குறுகிய காலத்துப் பாடல்கள் அறுபதாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் டீக்கடைகளிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளிலும் தொழிற்சங்க மேடைகளிலும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இந்த நீடிப்புக்கு ஆய்வாளர்கள் பொதுவாக இரண்டு காரணங்களைக் கூறுகின்றனர். அவர் பொதுவுடைமைக் கருத்துகளைப் பாடினார் என்பது ஒன்று. எளிய சொற்களில் பாடினார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே, ஆனால் போதுமானவை அல்ல. அதே கருத்துகளைப் பாடிய கவிஞர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். எளிய சொல்லும் அன்றைய திரைப்பாட்டின் பொதுச் சொத்தாகவே இருந்தது.

அவருடைய பாட்டின் தனித்தன்மை அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதில் உள்ளது என இக்கட்டுரை வாதிடுகிறது. காவிரிக் கடைமடையின் வேலைப்பாட்டில், பக்கத்தில் நின்று வேலை செய்பவரை விளித்துப் பேசும் ஒரு முன்னிலைக் குரல் உண்டு. கல்யாணசுந்தரம் வயலிலிருந்து திரைக்குக் கொண்டுவந்த முதன்மையான உடைமை இக்குரலே. அதனால் தமிழ்த் திரைப்பாட்டு பெற்றது என்ன, அதே குரல் திரையில் இழந்தது என்ன என்ற இரண்டு வினாக்களையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

2. கடைமடையில் வேலையும் பாட்டும்

திருத்துறைப்பூண்டி வட்டாரம் பழைய டெல்டாவின் வால்பகுதி. வெண்ணாற்றுப் பாசனத்தின் கிளைகளான முள்ளியாறும் மரக்காக் கோரையாறும் இங்கே வந்து, கடலை நெருங்கித் தளர்கின்றன. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் மேல்மடையை நனைத்துவிட்டுக் கடைசியாகவே இங்கு வந்து சேரும். தண்ணீர் வந்த சில வாரங்களுக்குள் நாற்றுப் பறித்து நடவை முடித்தாக வேண்டும். இந்த அவசரம் வேலையைக் கூட்டு வேலையாக்கியது. கூட்டு வேலை பாட்டைத் தேவையாக்கியது. வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகரும் நடவுப் பெண்களில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள்; மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கை ஓயாமல் இருக்கவும் வரிசை கலையாமல் இருக்கவும் பாட்டு உதவியது.

அந்தப் பாட்டின் பொருள் வேலையோடு நிற்பதில்லை. அண்ணன், மச்சான், தங்கச்சி, கொழுந்தன் என்று உறவுமுறை சொல்லி அழைப்பதும், வரப்பில் நிற்கும் காரியக்காரரைக் கேலி செய்வதும், கூலியைக் கேட்பதும் அதற்குள்ளேயே நடந்தன. நேருக்கு நேர் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லலாம் என்ற உரிமை வயலில் இருந்தது. அந்த உரிமையின் மதிப்பை உணர, அன்றைய பண்ணை வாழ்வை நினைவில் கொள்ள வேண்டும். கீழத்தஞ்சையின் பண்ணையாட்கள் சாட்டையடிக்கும் சாணிப்பால் புகட்டலுக்கும் உள்ளாகியிருந்த காலம் அது. 1943 தொடங்கி பி. சீனிவாசராவ், மணலி கந்தசாமி, களப்பால் குப்பு போன்றோர் இவ்வட்டாரத்தில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டினர். 1944இன் மன்னார்குடி ஒப்பந்தம் இக்கொடுமைகளுக்கு எதிரான முதல் பெரிய வெற்றிகளுள் ஒன்று. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் மறைந்த சீனிவாசராவின் நினைவிடம் திருத்துறைப்பூண்டியிலேயே உள்ளது.

வயலில் ஒருத்தி பாட, பலர் வாங்கிப் பாடிய பழக்கம் சங்கக் கூட்டங்களுக்கு ஆயத்தமான ஒரு வடிவமாக இருந்தது. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களிடம் துண்டறிக்கையைவிடப் பாட்டே எளிதில் போய்ச் சேரக்கூடியது. கல்யாணசுந்தரத்தின் இளமை இந்தப் பத்தாண்டுகளோடு பின்னிக் கிடக்கிறது.

3. செங்கப்படுத்தான்காட்டிலிருந்து கோடம்பாக்கத்திற்கு

அவர் 1930 ஏப்ரல் 13 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தார். அது மேற்கண்ட பழைய டெல்டாவைச் சேர்ந்ததன்று; மேட்டூர் அணை வந்த பிறகு கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற பகுதி. தந்தை அருணாசலனார் சிறு விவசாயி. ‘முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி’ என்னும் நூலை இயற்றியவர். கும்மி பலர் கூடி, கைகொட்டிப் பாடும் வடிவம். எனவே கல்யாணசுந்தரத்தின் வீட்டிலேயே பாட்டு என்பது தனியே அமர்ந்து எழுதும் ஏட்டுப்பொருளாக இருக்கவில்லை.

பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அதை ஈடுசெய்தது உழைப்பின் அகலம். பதினேழு தொழில்கள் செய்தவர் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பட்டியலிடுகின்றன. உழவு, மாடு வளர்ப்பு, மாம்பழமும் முறுக்கும் விற்றல், மீன் நண்டு பிடித்தல், உப்பள வேலை, தண்ணீர் வண்டி என நீளும் அந்தப் பட்டியலில் நடிகர், பாடகர் என்பனவும் அடங்கும். இந்த இரண்டையும் நாம் போதிய அளவு கவனித்ததில்லை. பிறர் பாடுவதற்கு எழுதியவர் என்றே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் சக்தி நாடக சபாவின் மேடையேறி நடித்தவர், கூட்டங்களில் தாமே பாடியவர் அவர். கேட்போரின் முகத்தைப் பார்த்துப் பாடிப் பழகியவருக்கு ‘நீ’ என்று தொடங்குவது இயல்பாகவே வரும்.

தாம் முதன்முதலில் பாடியதென அவரே நினைவுகூர்ந்த பாட்டு இதற்குச் சான்று. பதினைந்து பதினாறு வயதில், ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது துள்ளிய ஒரு கெண்டைக் குஞ்சைப் பார்த்துப் பாடியது அது. மீனின் அழகை வருணிக்காமல், தூண்டில்காரனிடம் சிக்குமுன் ஓடிப் பிழைக்கச் சொல்லி மீனிடமே பேசுகிறது அப்பாட்டு. சிறியதை நோக்கி, அதன் பக்கம் நின்று, எச்சரித்துப் பேசும் இந்தத் தொனி கடைசிவரை மாறவில்லை. ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் உறங்கிக் காலத்தை இழக்காதே என்று தம்பியை எழுப்பும் பாட்டும், ‘அரசிளங்குமரி’யில் (1961) சிறுவனுக்கு அறிவுரை கூறும் பாட்டும், ‘திருடாதே’ (1961) படத்தின் புகழ்பெற்ற பாட்டும் அந்த ஏரிக்கரைப் பாட்டின் வழித்தோன்றல்களே. பின்னிரண்டு படங்களும் அவர் இறந்த பிறகே திரைக்கு வந்தன.

அணைக்காடு டேவிஸின் நட்பும் சுயமரியாதை, பொதுவுடைமை இயக்கங்களின் தொடர்பும் அவருக்குக் கருத்துப் பின்புலம் அளித்தன. புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து ‘குயில்’ இதழுக்காக உழைத்த காலம் யாப்பிலும் சொல்லிலும் பயிற்சி தந்தது. ‘ஜனசக்தி’ இதழ் அவருடைய பாடல்களை வெளியிட்டது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா அவரைப் போற்றினார். ‘படித்த பெண்’ படத்திற்காக முதலில் எழுதினார். ‘பாசவலை’ (1956) அவரைப் பரவலாக அறிமுகம் செய்தது. 1957இல் பாரதிதாசன் தலைமையில் கௌரவாம்பாளை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் வாழ்வு முடிந்துபோனது.

4. ஒரு பாட்டின் உள்ளமைப்பு

கருதுகோளைச் சோதிக்க ‘நாடோடி மன்ன’னின் உழவுப் பாட்டைக் கொள்வோம். டி.எம். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடியது, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. தரிசைக் கொத்துதல், ஏரோட்டுதல், கரை உயர்த்துதல், வாய்க்கால் வெட்டுதல், நாற்றுப் பறித்து நடுதல், தண்ணீர் கட்டுதல் என்று வேலைகளை வரிசை தப்பாமல் ஆண்குரல் அடுக்குகிறது. வேலையின் ஒழுங்கையே பாட்டின் ஒழுங்காக்குவது வேலைப்பாட்டின் அடிப்படை இலக்கணம். விளைச்சலைச் சொல்லி ஆண் பெருமிதத்தோடு முடிக்கும் இடத்தில், பெண்குரல் மச்சானை விளித்துக் குறுக்கிடுகிறது: விளைந்ததெல்லாம் விளைந்தது, உழைத்த நமக்கு என்ன மிஞ்சியது?

இங்கேதான் கவிஞரின் கைவண்ணம் இருக்கிறது. நடவில் அடியெடுப்பவள் பாடியதை மற்றவர்கள் இசைந்து வாங்கிப் பாடுவர். கல்யாணசுந்தரம் அந்த இசைவை மறுப்பாக மாற்றுகிறார். வாங்கிப் பாட வேண்டிய குரல் கேள்வி கேட்கிறது. பாட்டு வயலை விட்டுச் சுரங்கத்திற்கும் முத்துக்குளிக்கும் கடலுக்கும் விரிந்த பிறகும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதே கேள்வி திரும்ப வருகிறது. பல்லவியாக வந்து பதிவது பெண்ணின் கேள்வியே. கூலி உழைப்பும் உற்பத்தியும் பற்றிய ஓர் அரசியல் பொருளாதார வாதம், ஒரு சொற்பொழிவுச் சொல்லும் இன்றி, மச்சானுக்கும் அவனோடு உழைப்பவளுக்கும் நடக்கும் பேச்சாக நிற்கிறது.

ஓராண்டு முன்பு வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் அ. மருதகாசி எழுதிய உழவுப் பாட்டோடு இதை ஒப்பிடலாம். மருதகாசியும் காவிரிக்கரையை அறிந்தவர். அவருடைய பாட்டும் உழவின் வரிசையையே பின்பற்றுகிறது. ஊருக்கு ஊர் புகழ்பெற்ற மாட்டையும் ஏரையும் நெல்லையும் பெயர் சொல்லி அழைத்து, விளைந்ததை விற்றுச் சிக்கனமாகச் சேமிக்கச் சொல்லும் அழகிய பாட்டு அது. அங்கே பேசப்படுபவன் விளைச்சலுக்கு உரிமை உள்ளவன். விற்பனையும் சேமிப்பும் அவன் கையில். கல்யாணசுந்தரத்தின் ‘நாம்’ களத்துமேட்டோடு உரிமை முடிந்துபோகிறவர்கள். ஒரே பொருள், ஒரே வரிசை. விளிக்கப்படுபவர் மாறியதும் பாட்டின் அரசியலே மாறிவிடுகிறது.

5. மிசிசிப்பி டெல்டா: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டாவில் பருத்திப் பண்ணைகளின் வேலைப்பாட்டிலிருந்தும் வயற்கூவல்களிலிருந்தும் ப்ளூஸ் உருவானது. டாக்கரி பண்ணையோடு ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனின் பெயரும், ஸ்டோவல் பண்ணையோடு மற்றொரு பாடகரான மடி வாட்டர்ஸின் பெயரும் இணைந்துள்ளன. 1941இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் குழுவினர் மடி வாட்டர்ஸின் பாட்டைப் பண்ணையிலேயே பதிவு செய்தனர். 1943இல் அவர் சிகாகோவுக்குப் போனார். வயலின் பாட்டு அங்கே மின்கிதாரோடு நகரத்து இசைத்தட்டாயிற்று. பண்ணையில் முளைத்த வடிவம் பெருநகரின் பதிவுத் தொழிலால் நாடெங்கும் பரவும் இந்தப் பாதை, பட்டுக்கோட்டைக்கும் கோடம்பாக்கத்திற்கும் இடையேயான பாதையை ஒத்தது.

வேறுபாடுதான் நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது. ப்ளூஸ் பாடகர் பெரும்பாலும் ‘நான்’ என்று பாடுகிறார். தம் தனிமையை, பசியை, பயணத்தைத் தம் குரலிலேயே சொல்கிறார். கூட்டு வேலைப்பாட்டிலிருந்து பிரிந்த தனிமனிதனின் பாட்டு அது. கல்யாணசுந்தரம் கூட்டத்திலிருந்து பிரிவதில்லை. கூட்டத்திலுள்ள ஒருவரை நோக்கித் திரும்புகிறார். தன் துயரைத் தானே சொல்லும் ப்ளூஸ் தொனியை அவர் மிக நெருங்கும் இடம் ‘இரும்புத்திரை’யில் (1960) திருச்சி லோகநாதன் பாடிய ஆலைத் தொழிலாளியின் பாட்டு. உழைத்த கூலி வீடு சேருமுன் கரைந்துபோகும் அவலம் அங்கே சிரிப்பும் கசப்புமாக வெளிப்படுகிறது. அந்த மாதிரி அவருடைய தொகுப்பில் சிறுபான்மையே.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. மிசிசிப்பியில் பாடியவர்களே இசைத்தட்டிலும் பாடினர். உழைத்த உடலின் குரலே விற்பனைக்கு வந்தது. தமிழ்த் திரையில் எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் மற்றொருவர், பாடியவர் வேறொருவர், வாயசைத்தவர் இன்னொருவர். கல்யாணசுந்தரம் பாடிய குரல் எந்த இசைத்தட்டின் வழியாகவும் மக்களிடம் போய்ச் சேரவில்லை.

6. பெற்றதும் இழந்ததும்

இந்த வாதத்திற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, அவர் சிறு விவசாயக் குடும்பத்தவர். பண்ணையாள் சேரியில் பிறந்தவர் அல்லர். ஆகவே அவரை நடவுப் பாட்டின் வாரிசு என்பது பொருந்துமா? மறுப்பின் முதற்பாதியை ஏற்கிறேன். நடவுப் பாட்டைக் கட்டியவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. கல்யாணசுந்தரத்தை அவர்களின் இடத்தில் வைத்துக் கொண்டாடினால் ஒரு பெருந்தவறு செய்தவர்களாவோம். அவர் அவர்களிடம் கற்ற மாணவர் என்று சொல்வதே சரி. அப்படிச் சொல்லும்போதுதான் ஆசிரியைகள் யார் என்ற கேள்வியும் எழும்.

இரண்டாவது மறுப்பு, இக்குரலை உருவாக்கியது திரைச் சூழலே அன்றி வயல் அல்ல என்பது. எம்.ஜி.ஆர். படங்களின் அறிவுரைப் பாடல்களுக்கு முன்னிலை விளி தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனால் ஏரிக்கரைப் பாட்டு திரைக்கு வருமுன்பே எழுந்தது. குரல் அவரிடம் இருந்தது. திரை அதற்கு ஒரு புதிய பயனைக் கண்டது. அந்தப் பயனில்தான் இழப்பும் நேர்ந்தது. மேற்கண்ட உழவுப் பாட்டின் முடிவில், பெண்ணின் கேள்விக்கு எம்.ஜி.ஆர். ஏற்ற நாயகன் விடை தருகிறான்: பொதுநன்மைக்கான சட்டத்தைத் தானே இயற்றப்போவதாக அறிவிக்கிறான். நடவுப் பாட்டில் கேள்விக்கு அப்படி ஒரு விடை கிடைப்பதில்லை. மறுநாள் நடவில் கேள்வி மீண்டும் பாடப்படும். சங்கம் கட்டியவர்கள் அந்தக் கேள்வியைக் கூட்டு முயற்சியால் விடைக்குக் கொண்டுபோனார்கள். திரை அதை ஒற்றை மனிதனின் வாக்குறுதியாகச் சுருக்கியது. உடனுழைப்பவரின் விளி, தலைவனின் விளியாக இடம்மாறியது. தமிழ்நாட்டு அரசியலில் பிற்பாடு நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு இந்த இடமாற்றம் சிறியதல்ல.

ஆயினும் இழப்பு முழுமையானதன்று. திரையரங்கை விட்டு வெளியே வந்த மக்கள் அப்பாடல்களை நாயகனிடமிருந்து மீட்டுத் தமக்குள் பாடிக்கொண்டனர். தொழிற்சங்க மேடைகளும் கலை இரவுகளும் அவற்றைக் கூட்டுக் குரலாக்கின. கே.ஏ. குணசேகரன் (1955–2016) போன்றோர் நாட்டார் மெட்டையும் ஒடுக்கப்பட்டோரின் சொல்லையும் தம் குரலிலேயே பாடி, எழுதுபவரும் பாடுபவரும் பிரிந்துபோன பிளவை ஓரளவு இணைத்தனர்.

7. முடிவுரை

கல்யாணசுந்தரத்தின் படைப்புகள் 1993இல் நாட்டுடைமையாயின. எழுத்து வடிவம் அனைவருக்கும் கிடைக்கிறது. ஆனால் மெட்டும் பாடும் முறையும் நீக்கப்பட்ட எழுத்து அவருடைய பாட்டில் பாதியே. தேவைப்படுவது ஓர் இசைப்பதிப்பு: ஒவ்வொரு பாட்டின் மெட்டும், அதில் யார் கேட்கிறார், யார் விடை சொல்கிறார், யாரை விளிக்கிறார் என்ற குறிப்பும் அடங்கியது. அதற்கு இணையாகத் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் வட்டாரங்களின் நடவுப் பாட்டுகள் பாடுபவரின் பெயரோடும் ஊரோடும் பதிவாக வேண்டும். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ காட்டிய வழி அது. கடைமடையில் நேரடி விதைப்பும் நடவு இயந்திரமும் பரவியபின் நடவு வரிசையே அருகி வருகிறது. அப்பாட்டை வயலில் பாடிய பெண்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே இப்பணி நடக்க வேண்டும். இரண்டு தொகுதிகளும் அடுத்தடுத்து வைக்கப்படும் நாளில், கல்யாணசுந்தரத்திற்கு வழங்கும் ‘மக்கள் கவிஞர்’ என்ற பட்டத்தின் முதற்சொல்லுக்குரியவர்கள் யார் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு அவர்களின் பெயர் சொல்லியே எழுத முடியும்.