வகுப்பும் பாடமும்

'கன்வென்ஷன்' என்றதும் நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் பந்தலும் பிரசங்கமும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பிரதேசங்களிலோ அச்சொல், பொழுது சாயும்வரை பாடுவதற்கென்றே கூடும் சங்கத்தையும் குறிக்கும்.

'ஒருங்கே வருதல்' என்னும் பொருளுடைய லத்தீன் தாதுவில் பிறந்த இச்சொல், அரசியல் சபைகளிலும் மத சபைகளிலும் பழகிப்போயிருந்த 1845-இல், தென்னாட்டு பாப்டிஸ்டுகள் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் கூடித் தங்கள் கன்வென்ஷனை ஸ்தாபித்த அதே ஆண்டில், அதே மாநிலத்து அப்சன் கவுண்டியில் 'சதர்ன் மியூசிகல் கன்வென்ஷன்' தோன்றியது. முந்திய ஆண்டு ஈ. ஜே. கிங்குடன் சேர்ந்து 'சேக்ரட் ஹார்ப்' என்ற பாட்டுநூலை வெளியிட்ட பி. எஃப். ஒயிட் அதற்குத் தலைவரானார். தலைவர், காரியதரிசி, விதிகள், நடவடிக்கைக் குறிப்பு எனச் சபைக்குரிய அங்கங்கள் யாவும் இத்தகைய சங்கங்களுக்கு உண்டு.

ஆயினும் உள்ளே புழங்கும் பாஷை வேறு. கூடியிருக்கும் பாடகர்களுக்கு 'கிளாஸ்' என்று பெயர். ஒருவர் எழுந்து பாட்டை நடத்தும் முறை 'லெஸன்'. நரைத்த கிழவரானாலும் அவர் நடத்துவது பாடமே! இடைவேளையை 'ரீசெஸ்' என்பர். அது பள்ளிக்கும் சட்டசபைக்கும் பொதுவான சொல்லாதலால் எதன் வழி வந்ததென்று நான் தீர்ப்புச் சொல்லத் துணியேன். மற்ற இரண்டும் பள்ளிக்கூடத்துச் சொற்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊரூராய்ச் சென்று சில வாரங்கள் தங்கி இசை கற்பித்த ஆசிரியர்களின் பாட்டுப் பள்ளிகளே இக்கூட்டங்களுக்குத் தாய்வீடு. அவர்கள் கையிலிருந்த கருவி, 1801-இல் லிட்டில், ஸ்மித் என்னும் இருவர் 'ஈஸி இன்ஸ்ட்ரக்டர்' நூலில் கையாண்ட உருவக் குறிகள்: முக்கோணம் ஃபா, வட்டம் ஸோல், சதுரம் லா, சாய்சதுரம் மி. ஏழு ஸ்வரங்களுக்கு நான்கே பெயர். மூன்று பெயர்கள் இருமுறை வருதலால் அது போதுமாயிற்று. குறியின் வடிவமே ஸ்வரத்தைச் சொல்லிவிடுவதால், சங்கீத சாஸ்திரம் அறியாத குடியானவனும் ஏட்டைப் பார்த்தவுடன் பாடலானான். 1846-இல் ஜெஸ்ஸி ஐக்கின் ஏழு உருவங்களைக் கொணர்ந்தார். சேக்ரட் ஹார்ப் பாடுவோர் நான்கை விடவில்லை.

நால்வகைக் குரலாரும் நாற்புறமும் எதிர்முகமாய் அமர, நடுவே நிற்பவர் கையசைக்க, முதலில் ஸ்வரங்களையும் பின்னரே சாகித்தியத்தையும் பாடுவர். கீதம் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இம்முறை புதிதன்று. கேட்கவென்று அங்கே தனியாக ரசிகர் கூட்டம் கிடையாது, வந்தவரெல்லாம் வகுப்பே. 1852-இல் தோன்றிய சாட்டஹூச்சி கன்வென்ஷன் இன்றும் கூடுகிறது. அன்றன்று நடந்த பாடங்களைக் காரியதரிசி இன்றும் எழுதிவைக்கிறார்.