வெந்நீர்க் கருவியும் உத்தரவாத அட்டையும்: நுகர்வோர் உரிமையின் வரலாறு

வீட்டுக் குளியலறையில் பொருத்தப்படும் கீசர், வாட்டர் ஹீட்டர் போன்ற கருவிகள் உத்தரவாதக் காலத்துக்குள் பழுதானால், வாங்கியவருக்கு இந்தியச் சட்டம் பல தீர்வுகளை வழங்குகிறது. பழுதைச் சரிசெய்து தரக் கேட்கலாம். மாற்றுக் கருவி கேட்கலாம். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஏற்பட்ட இழப்புக்கு ஈடும் கேட்கலாம். இந்த உரிமைகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 'வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்' என்ற பழைய விதி, 'விற்பவரும் செய்பவரும் பொறுப்பேற்க வேண்டும்' என்ற விதியாக மாறுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

தவலையிலிருந்து கீசருக்கு

மின்கருவிகள் வருவதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகளில் குளிப்பதற்கான வெந்நீர் விறகடுப்பில் தவலையை ஏற்றியோ, கரி போட்டு எரிக்கும் செப்புப் பாய்லரிலோ காய்ச்சப்பட்டது. பாத்திரம் ஓட்டையானால் அதைப் பற்றவைத்துத் தருபவர் அதே ஊரில் இருந்தார். அதற்கு எழுத்து உத்தரவாதம் எதுவும் தேவைப்படவில்லை. செய்தவரை வாங்கியவருக்குத் தெரியும், குறை எங்கே என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

1868-இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் உடனடியாக நீரைச் சூடாக்கும் கருவியை உருவாக்கி அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். ஐசுலாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த சொல் இது. எரிந்த வாயு வெளியேற அதில் புகைப்போக்கி இல்லாததால் அது ஆபத்தானதாகவும் இருந்தது. 1889-இல் அமெரிக்காவில் எட்வின் ரூட், நீரைச் சேமித்துத் தானாகச் சூடாக்கும் தொட்டிவகைக் கருவியை வடிவமைத்தார். இன்றைய மின்சாரக் கீசரில் உட்தொட்டி, சூடேற்றும் காயில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் வால்வு ஆகியவை மூடிய உறைக்குள் இருக்கின்றன. வாங்குபவர் இவற்றைக் கடையில் சோதித்துப் பார்க்க முடியாது. பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிய காலத்து நீதி இந்தப் பொருளுக்குப் பொருந்தவில்லை. உத்தரவாதச் சட்டத்தின் தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

பழங்கால விதிகள்

குறையுள்ள பொருளைத் திருப்பும் உரிமை பழமையானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விற்பனையை முறித்துக்கொள்வதற்குக் காலவரம்பு வகுக்கிறது. வணிகருக்கு ஓர் இரவு, உழவருக்கு மூன்று இரவுகள், ஆயருக்கு ஐந்து இரவுகள் என்று அது வேறுபடுத்துகிறது. பண்டைய உரோமாபுரியில் சந்தையை மேற்பார்த்த அதிகாரிகளின் ஆணைப்படி, அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர் அவற்றின் மறைந்த குறைகளை அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவிக்கத் தவறினால் 6 மாதத்துக்குள் விற்பனையை ரத்து செய்யவோ, ஓர் ஆண்டுக்குள் விலைக்குறைப்புக் கேட்கவோ வாங்கியவரால் முடிந்தது.

ஆங்கிலேயப் பொதுச்சட்டம் வேறு வழியில் சென்றது. 1603-இல் தீர்ப்பான சாண்ட்லர் எதிர் லோபஸ் வழக்கில், நஞ்சை முறிக்கும் 'பெசோவார்' கல் என்று சொல்லி ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை 100 பவுண்டுக்கு விற்றிருந்தார். அது உண்மையான பெசோவார் அல்ல. ஆனாலும், 'இது பெசோவார்' என்று சொன்னது மட்டும் போதாது, அதற்கு உத்தரவாதம் அளித்ததாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. இதன்படி விற்பவர் வெளிப்படையாக உறுதி தராதவரை இழப்பு வாங்கியவரையே சேரும்.

வெந்நீர்ப் பை வெடித்த வழக்கு

19-ஆம் நூற்றாண்டில் ஆலைப் பொருட்கள் பெருகியபோது இந்த விதி தளர்ந்தது. பிரித்தானியாவின் 1893-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கும் நிபந்தனைகளை வகுத்தது. வாங்குபவர் தம் நோக்கத்தைத் தெரிவித்து விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

1903-இல் பிரீஸ்ட் எதிர் லாஸ்ட் வழக்கு இவ்விதியைச் சோதித்தது. ஒருவர் மருந்துக் கடையில் வெந்நீர்ப் பை ஒன்றை வாங்கினார். கொதிக்கும் நீரைத் தாங்குமா என்று கேட்டபோது, வெந்நீரைத் தாங்கும், கொதிநீர் ஊற்றக் கூடாது என்று கடைக்காரர் சொன்னார். சில நாட்களில் பை வெடித்து, வாங்கியவரின் மனைவி நீரால் வெந்து காயமுற்றார். வெந்நீர்ப் பைக்கு ஒரே பயன்தான் உண்டு என்பதால், பெயரைச் சொல்லிக் கேட்டதே நோக்கத்தைத் தெரிவித்ததாகும் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. சிகிச்சைச் செலவைக் கணவர் ஈடாகப் பெற்றார்.

கடையோடு ஒப்பந்தம் செய்தவர் கணவரே என்பதால் வழக்கும் அவருடையதாகவே இருந்தது. ஒப்பந்தத்தில் சேராதவருக்குப் பொருளைச் செய்தவர் பொறுப்பாவாரா என்ற கேள்வி நீடித்தது. 1932-இல் டொனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் அவை, உற்பத்தியாளர் இறுதிப் பயனாளரிடம் கவனம் காட்டக் கடமைப்பட்டவர் என்று கூறி அதற்கு விடையளித்தது.

இந்தியாவில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் பொருள் விற்பனை பற்றிய விதிகள் முதலில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருந்தன. 1930-இல் அவை தனிச் சட்டமாயின. பொருள் விற்பனைச் சட்டம் 1930 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு 'நிபந்தனை', 'உத்தரவாதம்' என இரண்டைப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் அடிப்படையைத் தொடுவது நிபந்தனை. அது மீறப்பட்டால் பொருளையே மறுக்கலாம். துணையாக அமைவது உத்தரவாதம். அது மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கேட்கலாம். 16-ஆம் பிரிவின்படி, நோக்கத்துக்கு ஏற்றதாக இருத்தலும் விற்பனைத்தரம் கொண்டிருத்தலும் உரிய சூழலில் நிபந்தனைகளாகவே கொள்ளப்படும். ஆகவே அட்டையில் எழுதாத உரிமைகளும் வாங்கியவருக்கு உண்டு. ஆனால் 62-ஆம் பிரிவு இவற்றை இருதரப்பு உடன்பாட்டால் விலக்க இடம் தந்தது. உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லும் செலவும் காலமும் ஒரு கீசரின் விலையைவிட அதிகம். எனவே உரிமை ஏட்டில் இருந்தும் பெரும்பாலோருக்கு எட்டவில்லை.

கடைப் பேச்சில் 'கேரண்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் பழுதுபார்த்துத் தருவார்கள்' என்பது வழக்கம். சட்டத்தில் இந்தப் பிரிவினை இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும் 'கேரண்டி', ஒருவர் கடனுக்கு மற்றொருவர் பிணை நிற்பதைக் குறிக்கிறது. எனவே அட்டையின் தலைப்பைவிட அதிலுள்ள வாசகங்களே முக்கியம்.

நுகர்வோர் இயக்கமும் 1986-ஆம் ஆண்டுச் சட்டமும்

1962 மார்ச் 15 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, பாதுகாப்பு, தகவல், தேர்வு, முறையீடு ஆகிய நான்கு நுகர்வோர் உரிமைகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் முன்வைத்தார். இந்தியாவில் 1966-இல் மும்பையிலும், 1978-இல் அகமதாபாத்திலும், 1985-இல் சென்னையிலும் நுகர்வோர் அமைப்புகள் தோன்றின. 1969-ஆம் ஆண்டு ஏகபோகத் தடைச் சட்டத்தில் 1984-இல் செய்யப்பட்ட திருத்தம், தக்க சோதனை இல்லாமல் ஒரு பொருளின் ஆயுளுக்கோ செயல்திறனுக்கோ உத்தரவாதம் தருவதை முறையற்ற வணிகமாக்கியது. 1985-இல் ஐக்கிய நாடுகள் அவை நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை ஏற்றது.

1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்றடுக்கு அமைப்பு உருவானது. தொடக்கத்தில் மாவட்ட மன்றம் 1 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரித்தது. வழக்கறிஞர் இல்லாமல் நுகர்வோரே முறையிட முடிந்தது. வாங்கியவரின் இசைவோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் வரையறுத்தது. 1903-இல் காயமுற்ற மனைவிக்குக் கிட்டாத நிலை, இச்சட்டத்தின் கீழ் கீசரைப் பயன்படுத்தும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் கிட்டியது.

உத்தரவாதத்தின் எல்லை

கீசர் நிறுவனங்கள் பொதுவாக உட்தொட்டிக்கு நீண்ட காலமும் காயிலுக்கும் பிற உறுப்புகளுக்கும் குறைந்த காலமும் தனித்தனியே உத்தரவாதம் தருகின்றன. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் காயிலில் படியும் உப்பு, தவறான மின்னிணைப்பு, வெளியார் கைவைத்த பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் காட்டிக் கோரிக்கைகள் மறுக்கப்படுவதுண்டு. தயாரிப்புக் குறை என்பதை மெய்ப்பிக்கும் சுமை முறையிடுபவருடையது. பார்த்த அளவில் தெரியாத குறையாக இருந்தால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை பெறச் சட்டம் வழிசெய்கிறது. பழுதான கருவியைக் கழற்றி வேறு ஒருவரிடம் சரிசெய்துவிட்டால் இந்தச் சான்றும் அழிந்துவிடும்.

உத்தரவாத வாசகமே தீர்வின் அளவை முடிவுசெய்யக்கூடும். 2006-இல் ஒரு கார் வழக்கில், குறையுள்ள உறுப்பை மாற்றித் தருவதாக மட்டுமே உத்தரவாதம் இருந்ததால், காரையே மாற்றித்தர உத்தரவிட்டது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே போல, வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பதை, கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்தரப்பாக இருந்த இலட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தானே உழைத்துப் பிழைப்பதற்காக வாங்குபவருக்கு இதில் விலக்கு உண்டு.

2019-ஆம் ஆண்டுச் சட்டம்

பழைய சட்டத்தின் இடத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்தது. இதன் பெரும்பகுதி 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலைசெய்யும் ஊரிலேயே முறையிடலாம் என்பது இதன் முக்கிய மாற்றம். 2021 டிசம்பர் விதிகளின்படி, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. உரிமை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரசீதில் அச்சிடும் பழக்கத்துக்கும் இச்சட்டம் பதில் சொல்கிறது. ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகமாகும். ரசீது தர மறுப்பதும் அவ்வாறே.

'பொருள் பொறுப்பு' என்ற தனி அத்தியாயமும் இதில் சேர்ந்தது. 84-ஆம் பிரிவின்படி, தயாரிப்பு அல்லது வடிவமைப்புக் குறை, வெளிப்படையான உத்தரவாதத்துக்கு மாறாக இருத்தல், போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளர் பொறுப்பாவார். உத்தரவாதம் தந்ததில் தாம் கவனக்குறைவாகவோ வஞ்சகமாகவோ நடக்கவில்லை என்று அவர் மெய்ப்பித்தாலும் பொறுப்பு நீங்காது. கீசர் கெட்டுப்போன இழப்பு மட்டும் இந்த அத்தியாயத்தில் அடங்காது. அதற்குக் குறைபாட்டு முறையீடே வழி. கீசர் வெடித்தோ மின்கசிவாலோ ஒருவர் காயமடைந்தால் பொருள் பொறுப்பு எழுகிறது. சேமிப்புவகை மின்நீர்ச் சூடேற்றிகளுக்கு ஐ.எஸ். 2082 என்ற இந்தியத் தரம் உள்ளது. 2003-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு ஆணை அவற்றுக்குத் தரமுத்திரையைக் கட்டாயமாக்கியது.

அண்மைய மாற்றங்கள்

2022 டிசம்பர் 24 அன்று ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது. 2023-இன் இறுதியில் நுகர்வோர் விவகாரத் துறை, வீட்டுக் கருவிகளின் உத்தரவாதத்தை வாங்கிய நாளுக்குப் பதிலாகப் பொருத்திய நாளிலிருந்து கணக்கிடுமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. வீடு கட்டி முடியும்வரை பெட்டியிலேயே கிடக்கும் கீசருக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் இது வேண்டுகோள்தான், சட்டவிதி அல்ல. வாங்கும்போதே அட்டையில் தொடக்க நாளைப் பார்த்துக்கொள்வதன் தேவை இன்னும் நீங்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனத்தின் சேவைப் பிரிவில் புகாரைப் பதிந்து பெறும் எண், ரசீது, உத்தரவாத அட்டை, வந்து பார்த்த பணியாளர் எழுதித் தந்த சேவைச் சீட்டு ஆகிய நான்கும் இன்றைய முறையீட்டுக்கு அடிப்படைச் சான்றுகள். சாண்ட்லரின் கல்லை வாங்கியவரிடம் விற்றவரின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. இன்று கீசர் வாங்குபவருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. அதைப் பயன்படுத்த இந்த நான்கு தாள்களையும் அவர் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும்.